அவள் சாப்பிடுவதைப் பார்த்த ஒருவர்

அந்த வீட்டில் மாமனார் கடைசியாகச் செய்த வேலை, ஏழு டப்பாக்களுக்குச் சீட்டு எழுதி ஒட்டியதுதான்.

வியாழக்கிழமை காலை. மாமியார் மொட்டை மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருந்தார். போனால் பக்கத்து வீட்டம்மாவிடம் பேசி முடித்து இறங்க அரை மணி நேரமாகும். அந்த அரை மணி நேரம்தான் மாமனாருக்குச் சமையலறை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கதவோரத்து ஆணியில் மாட்டிவிட்டு, மசித்து ஆறவைத்த பூசணிக்காயை டப்பாக்களில் நிரப்பினார். பிறகு மறுபடி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மூடியிலும் வெள்ளைத் தாள் ஒட்டி, முன்பு வேலை பார்த்த கடைசல் பட்டறையில் வரைபடத்துக்கு எழுதியதைப் போல நேர்நேரான எழுத்தில் எழுதினார். பூசணி, 5 மி.மீ. கீழே தேதி.

"மசிச்சாச்சு. இதுல அஞ்சு மில்லிமீட்டர் எங்க மாமா இருக்கு?" என்று கேட்டாள் பெரியவள்.

"வேகறதுக்கு முன்னாடி இருந்துச்சுல்ல? அது ரெக்கார்டும்மா."

பெரியவள் என்பது அந்த வீட்டின் மூத்த மருமகள். அவளுக்கு வாய் விட்டுச் சிரிக்க முடியாது. நாக்கின் ஒரு பக்கத்தை வெட்டியெடுத்த பிறகு சிரிப்பு ஒரு ஓரமாகத்தான் வரும். அந்த ஓரச் சிரிப்போடு டப்பாக்களை ஃப்ரீஸரின் அடித்தட்டில் அடுக்கி, மேலே ஐஸ் தட்டை வைத்து மறைத்தாள்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் மாமனார் கூடத்துக்குப் போய் நாளிதழை விரித்துக்கொண்டார். மாமியார் நேராக அடுப்படிக்கு வந்து பருப்பைக் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டுப் பார்த்தார். உப்பு அதிகம். நேற்றும் அதிகம். நாக்கில் ருசி இல்லையென்றால் யாரிடமாவது கேட்டுப் போட வேண்டியதுதானே, எட்டுப் பேர் சாப்பிடுகிற பாத்திரம் இது, உன் கைக்குச் சோதனைச்சாலையா என்று தொடங்கியவர், கதவோரம் திரும்பி, சுவரில் இவ்வளவு உயரத்தில் ஆணி அடித்தது யார், சுண்ணாம்பு உதிர்கிறது என்று முடித்தார். ஆணியைப் பற்றி அவர் கேட்பது அது பத்தாவது தடவை. கூடத்தில் நாளிதழ் அசையவில்லை.

அன்று மதியம் பெரியவளோடு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும்போது, பஸ் நிறுத்தத்தில், "கால் கொஞ்சம் இழுக்குது, உக்காந்துக்கறேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்தார் மாமனார். காய்கறிப் பையை மடியில் வைத்திருந்தார். பஸ் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணயர்ந்துவிட்டார் என்று நினைத்துப் பெரியவள் தோளைத் தொட்டாள். பை சரிந்து, கேரட்டுகள் நடைபாதையில் உருண்டு ஓடின. எழுபத்து நாலு வயது. இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

*

அந்தக் காய்கறிப் பையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

இரண்டு வருடத்துக்கு முன்பு பெரியவளின் நாக்கோரத்தில் ஆறாத புண் ஒன்று வந்தது. புற்றுநோய் என்றார்கள். அறுவை செய்தார்கள், ஆறு வாரம் கதிர்வீச்சு கொடுத்தார்கள். கடைசியில் டாக்டர், "நோய் போயிடுச்சு" என்றார். வீட்டிலிருந்து கூடப் போனவர்கள் அந்த ஒரு வாக்கியத்தோடு எழுந்து வந்துவிட்டார்கள். டாக்டர் அதற்குப் பிறகும் பேசினார். உமிழ்நீர் சுரப்பது குறைந்துவிடும், விழுங்குவது கஷ்டம், காரம் புளிப்பு ஆகாது, எடை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் சொன்னார். அதை அவள் மட்டும் உட்கார்ந்து கேட்டாள்.

மூன்றாவது வாரம் அடுப்படிக்கு வந்தாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. "பெரியவ எழுந்து நடமாட ஆரம்பிச்சுட்டா" என்று மாமியார் போனில் எல்லோருக்கும் சந்தோஷமாகச் சொன்னார். அந்தச் சந்தோஷம் உண்மையானது. அதனால்தான் அவளால் எதையும் சொல்ல முடியவில்லை.

அந்த வீட்டில் சமைக்கிறவள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடுப்படியில், கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுவாள். மாமியார் முப்பது வருடம் அப்படித்தான் சாப்பிட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பெரியவளும் பதினெட்டு வருடமாக அப்படியே. ஆகவே, அவள் சாப்பிடுவதை அந்த வீட்டில் யாருமே பார்த்ததில்லை. கணவர் பார்த்ததில்லை. கொழுந்தன் பார்த்ததில்லை. அவன் மனைவி, சின்னவள், பாத்திரம் எடுக்க உள்ளே வந்து போகிறவள்தான். ஆனால் அவளும் குழந்தைகள் இரண்டின் பின்னால் ஓடிக்கொண்டிருப்பாள். எல்லோருக்கும் தெரிந்தது, பெரியவள் மெலிந்துவிட்டாள் என்பது. நோய் வந்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார்கள்.

ஒரு மத்தியானம் வெந்நீர் கேட்டு மாமனார் அடுப்படிக்கு வந்தார். கதவுக்குப் பின்னால் அவள் பருப்புச் சோற்றில் தண்ணீரை ஊற்றிக் கரைத்து, ஒரு வாய் விழுங்கிவிட்டு, கழுத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய அடுத்த வாய்க்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அவர் அப்படியே திரும்பினார். வெந்நீரும் கேட்கவில்லை. மறுநாள் அதே நேரம் வந்து நிலைப்படியில் நின்றார். அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நாப்பத்தாறு நிமிஷம்."

"என்ன மாமா?"

"ஒரு கரண்டி சோத்துக்கு. நேத்து நாப்பத்தொண்ணு." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒரு மெஷின் இப்படி ஓடினா நான் அன்னைக்கே நிறுத்திப் பிரிச்சுப் பாத்திருப்பேன். ரெண்டு வருஷமா ஓட விட்டிருக்கோம்" என்றார்.

அடுத்த பரிசோதனைக்கு அவர்தான் கூடப் போனார். மடித்த தாளிலிருந்து நிமிடங்களை டாக்டரிடம் வாசித்தார். எடை பார்த்தார்கள். பதினொரு கிலோ குறைந்திருந்தது. டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுகிற அதே தாளில் காய்கறி எழுதிக் கொடுத்தார். பூசணி, கேரட், கீரை, முட்டை, பாசிப்பருப்பு. ஆஸ்பத்திரி வாசலில் இருந்த காய்கறிக் கடையில் அந்தச் சீட்டைக் காட்டினால் வாரம் ஒரு பை கொடுப்பார்கள். கூடவே, தரைத்தளத்தில் வியாழக்கிழமைதோறும் ஒரு சமையல் வகுப்பு. நோய் தீர்ந்து வீட்டுக்குப் போனவர்கள் திரும்பவும் சாப்பிடக் கற்றுக்கொள்கிற வகுப்பு அது.

வகுப்பு நடத்திய டீச்சர், உணவு ஆலோசகர், குட்டையான பெண்மணி. முதல் நாளே ஒரு நிபந்தனை வைத்தார். தனியாக வரக் கூடாது, வீட்டில் அதே பானையில் சாப்பிடுகிற ஒருவரைக் கூட்டி வர வேண்டும். வந்தவர் மட்டும் கற்றுக்கொண்டு போனால் அவர் வீட்டு அடுப்பு கற்றுக்கொள்ளாது என்றார். பெரியவளைப் பார்த்து, வீட்டில் சமையல் யார் என்று கேட்டார். நான்தான் என்றாள். அப்படியானால் உங்களுக்கு யார் சமைத்துப் போடுவார்கள் என்று கேட்டார்.

பின்வரிசையில் ஆறடி உயர மாமனாரின் கை பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல மேலே போயிற்று.

பதினொரு வாரம் அவர் போனார். இடுப்பில் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, பட்டறையிலிருந்து ஓய்வு பெறும்போது எடுத்து வந்த எஃகு ஸ்கேலை வைத்து அளந்து காய் நறுக்கினார். தொண்டையில் துளை போட்ட லாரிக்காரர் ஒருவர் அங்கே வருவார். துளையை விரலால் அடைத்தால்தான் அவருக்குப் பேச்சு வரும். "மேஸ்திரி, கேரட்டுக்கு நூல் புடிச்சுப் பாக்கலயா?" என்று விரலை வைத்துக் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்க முடியாதவர்கள் மேசையைத் தட்டுவார்கள். முட்டையைப் பாலில் கலந்து கட்டியில்லாமல் வேகவைப்பது, கீரையை நார் போக மசிப்பது, ஒரு நாள் சாப்பாட்டை ஆறு சின்ன வேளையாகப் பிரிப்பது எல்லாம் கற்றார்கள். பெரியவளின் ஒரு வேளை இருபத்தெட்டு நிமிடத்துக்கு வந்தது. எடை இரண்டு கிலோ ஏறியது.

வீட்டில் செக்கப் என்றுதான் சொன்னார்கள். அது மாமனார் வாங்கிக்கொண்ட சத்தியம். நாற்பது வருடமாகத் தட்டின் முன் உட்கார்ந்து மனைவியின் சமையலுக்குக் குறை சொன்னவர் அவர். தான் கரண்டி பிடித்தது தெரிந்தால் கிழவி மானத்தை வாங்கிவிடுவாள் என்றார்.

"நான் செத்தாலும் சொல்லாத" என்றும் ஒருநாள் விளையாட்டாகச் சொல்லிவைத்தார்.

*

அதனால் அவர் செத்த பிறகு அவள் சொல்லவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும், எப்படி நடந்தது என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் மாமியார் ஒரே பதிலைச் சொன்னார். "இவளுக்காக அலைஞ்சாரு. வாரா வாரம் செக்கப்பு. எனக்கு முட்டி வலின்னு ரெண்டு தெரு தள்ளி டாக்டர்கிட்ட வர மாட்டாரு. இவளுக்கு ரெண்டு பஸ் மாறிப் போனாரு. போனவரு போயிட்டாரு." அழுகை வராமல், கல்லைப் போல உட்கார்ந்து சொல்வார். பெரியவள் வந்தவர்களுக்குத் தேநீர் நீட்டிக்கொண்டே அதைக் கேட்க வேண்டும்.

கொழுந்தன் இன்னும் ஒரு படி மேலே போனான். அண்ணி நன்றாகத்தானே நடமாடுகிறார், வாராவாரம் என்ன செக்கப், ஒரு ஆட்டோ பிடித்துத் தனியாகப் போக முடியாதா, எழுபத்து நாலு வயது மனிதரைப் பை தூக்க வைத்தார்களே என்று கூடத்தில் நின்று, அவள் காதில் விழும்படி, சுவரோடு பேசினான்.

கணவர் மருந்துக் கடையில் இருபது வருடமாக நிற்கிறவர். முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம், இது சாப்பாட்டுக்கு முன்னால், இது சாப்பாட்டுக்குப் பின்னால் என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறவர். வீட்டில் இருக்கிறவள் சாப்பிட்டாளா என்று கேட்டதில்லை. இப்போதும் அவர் சொன்னது ஒன்றுதான்: "அம்மா துக்கத்துல பேசறாங்க. விடு."

விட்டாள். விட்டு விட்டு நெஞ்சுக்குள் ஒரு அடுப்பே எரிந்துகொண்டிருந்தது.

ஏழு டப்பாக்களில் இரண்டை மட்டும் தின்றாள். வியாழனுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டாள். ஐந்து வாரத்துக்கு இன்னும் இருந்தது. மற்ற நாட்களில் கஞ்சி. மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை, ஃப்ரீஸரைத் திறந்தவள் அப்படியே நின்றாள். அடித்தட்டு பளிச்சென்று துடைத்திருந்தது. பாத்திர மேடையில் ஐந்து டப்பாக்களும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. தொட்டியின் சல்லடையில் வெள்ளையாக நைந்த காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது.

மாமியார் கூடத்திலிருந்தே சொன்னார். ஆட்கள் வந்து போகிற வீடு, ஐஸ் பெட்டியில் பனி மூடி என்னவோ மஞ்சளாகக் கூழ் கிடந்தது, மூன்று வாரமாக இருக்கும் போலிருக்கிறது, வெந்நீரை ஊற்றிக் கொட்டிவிட்டேன். மிச்சம் மீதியைச் சேர்த்து வைக்கிற புத்தி எப்போது வந்தது உனக்கு?

பெரியவள் சல்லடையிலிருந்து அந்தக் காகிதக் கூழை விரலால் எடுத்தாள். ஓரிடத்தில் நீல மை மட்டும் தெரிந்தது. எழுத்து இல்லை.

அவள் கத்தவில்லை. வெங்காயம் நறுக்கினாள். பருப்பை வேகவைத்தாள். மிளகாய் போட்டுக் கறி வதக்கினாள். எட்டுப் பேருக்கு வைத்துப் பழகிய கை, ஏழு பேருக்கும் அதே அளவுதான் வைத்தது. எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, ஆகவே எல்லோரும் இருந்தார்கள். பரிமாறினாள். பரிமாறி முடித்ததும் தனக்கும் ஒரு தட்டில் சோறும் பருப்பும் கறியும் போட்டு எடுத்து வந்து, மேசையின் தலைப்பக்கத்தில் காலியாக இருந்த மாமனாரின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, அது அப்பா நாற்காலி" என்றான் கொழுந்தன்.

"தெரியும் தம்பி. மணி என்னன்னு பாத்து வச்சுக்குங்க. முடிச்சதும் கேப்பேன்."

மாமியார் கையை உதறிக்கொண்டு எழப் போனார். "எந்திரிக்காதீங்க அத்தை. பதினெட்டு வருஷமா நீங்க எல்லாரும் சாப்பிடறத நான் பாத்துட்டேன். ஒரே ஒரு வேளை, நான் சாப்பிடறத நீங்க பாருங்க" என்றாள்.

அந்தக் குரல் அந்த வீட்டில் யாரும் கேட்டறியாதது. உயரவில்லை. ஆனால் மாமியார் உட்கார்ந்துவிட்டார்.

முதல் வாய் வாய்க்குள்ளேயே நின்றது. உமிழ்நீர் இல்லாத வாயில் சோறு மணலைப் போல ஒட்டும். தண்ணீர் குடித்து, தலையை இடது பக்கம் சாய்த்து, மோவாயை நெஞ்சில் அழுத்தி, வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி விழுங்கினாள். இரண்டாவது வாயில் மிளகாய் இருந்தது. வெட்டுப்பட்ட நாக்கில் அது நெருப்பு. கண்ணிலிருந்து நீர் கொட்டியது, துடைக்கவில்லை. மூன்றாவது வாய் மூச்சுக்குழாய்ப் பக்கம் போய், முகம் கறுக்க இருமினாள். சின்னவள் தண்ணீரோடு ஓடி வந்தாள். வாங்கிக் குடித்துவிட்டு, நாலாவது வாயை எடுத்தாள்.

பத்து நிமிடத்தில் மற்றவர்களின் தட்டுகள் காலியாயின. யாரும் எழவில்லை. கொழுந்தனின் மூத்த பெண், எட்டு வயது, தன் தட்டையும் பெரியம்மாவின் தட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தது. இருபதாவது நிமிடம் கணவர் பாதி எழுந்து, "போதும், விடு... ஏன் இப்படி..." என்றார்.

"உக்காருங்க. உங்க கடையில மருந்து வாங்கறவங்ககிட்ட சொல்வீங்களே, சாப்பாட்டுக்கு அப்புறம்னு. இதுதான் சாப்பாடு. பாத்துக்குங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கொழுந்தன் எதிர்ச் சுவரைப் பார்த்தான். சின்னவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மாமியார் மட்டும் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசிப் பருக்கையைத் தின்று முடித்துவிட்டு, பெரியவள் கேட்டாள். "எவ்வளவு நேரம் தம்பி?"

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "அம்பத்திரண்டு."

"உங்க அப்பா இப்படித்தான் கடிகாரத்தப் பாத்துட்டு நின்னாரு. இந்த வீட்டுல அவர் ஒருத்தர்தான் நின்னாரு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சத்தியத்தை உடைத்தாள். செக்கப் இல்லை, வகுப்பு. பை, ஏப்ரன், ஸ்கேல், அவர் கண்ணாடி மாட்டுகிற ஆணி, மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற அரை மணி நேரம். கடைசியில் டப்பாக்களைக் கையால் காட்டினாள். "அத்தை, நீங்க கொட்டினது மிச்சம் மீதி இல்ல. மாமா சாகற அன்னைக்குக் காலையில அவர் கையால நறுக்கி, மசிச்சு, எனக்குன்னு எழுதி வச்சது. அஞ்சு வாரத்துக்கு வச்சிருந்தேன்."

மாமியார் வெடித்தார்.

"பொய். நாப்பத்தேழு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். எனக்கு ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுத்தவரில்ல அந்த மனுஷன். ரெண்டாவது பையன் பொறந்த எட்டாம் நாள் அடுப்பு முன்னாடி நான்தான் நின்னேன். காய்ச்சல்ல விழுந்தப்பவும் நான்தான் எந்திரிச்சு வடிச்சேன். அவரு உனக்கு வந்து வெங்காயம் உரிச்சாராமா? செத்துப்போனவரு திரும்பி வந்து கேக்க மாட்டாருன்னு எத வேணா சொல்லுவியா?"

அப்போதுதான் பெரியவளுக்குப் புரிந்தது. இத்தனை நாள் தன் மேல் விழுந்த ஏச்செல்லாம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. அவளுடைய கோபம் அதனால் தணிந்துவிடவில்லை. ஆனால் எதிரே இன்னொரு கோபம், தன்னுடையதைவிட முப்பது வருடம் மூத்தது, உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"உங்ககிட்ட சொல்லாதன்னு சத்தியம் வாங்கினது அவர்தான் அத்தை. உங்க சமையலுக்கு அத்தனை வருஷம் கொறை சொல்லிட்டு, இப்ப கரண்டி புடிச்சா நீங்க சிரிப்பீங்கன்னு பயந்தாரு."

"பயந்தாரா?" மாமியாரின் குரல் இறங்கியது. "என்னைப் பாத்தா?"

பெரியவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வியாழக்கிழமை வகுப்பின் கடைசி நாள், தான் போகப் போவதாகச் சொன்னாள். இனிமேல் அந்த அடுப்பில் முதலில் தனக்கு வேண்டியது வேகும், பிறகுதான் மற்றவர்களுக்கு. அது இந்த வீட்டில் நடக்காது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், நான் என் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன், இருந்து சாக மாட்டேன் என்றாள். அன்று மாலையே ஒரு பெட்டியில் துணிகளை அடுக்கிக் கட்டிலுக்கடியில் வைத்தாள்.

*

நான்கு நாள் மாமியார் அறையை விட்டு வெளியே வரவில்லை. சின்னவள் சமைத்தாள், சமைத்தாள் என்று சொல்வது பெருந்தன்மை. ஆனால் திங்கட்கிழமை காலை, காரம் போடுவதற்கு முன்பே ஒரு கிண்ணம் பருப்பைத் தனியாக எடுத்து, நன்றாக மசித்து, "இது தொண்டையில எறங்குமா பாருங்கக்கா" என்று கொண்டுவந்து கொடுத்தாள். கட்டி கட்டியாகத்தான் இருந்தது. பெரியவள் அதைக் குறை சொல்லாமல் தின்றாள்.

கணவர் இரண்டு தடவை பேச வாயெடுத்தார். அவள் இடம் கொடுக்கவில்லை. அவரை அவள் மன்னிக்க இன்னும் வெகு நாளாயிற்று. மன்னித்துவிட்டாள் என்று இங்கேயே சேர்த்துச் சொன்னால் அது பொய்யாகும்.

வியாழக்கிழமை காலை பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, மாமியார் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"நானும் வர்றேன். பொய்யா நிஜமான்னு என் கண்ணால பாக்கணும்."

இரண்டு பஸ் மாறினார்கள். நடுவில் அந்த நிறுத்தத்தில் பஸ் நின்றபோது பெரியவள் ஜன்னல் வழியாக அந்தப் பெஞ்சைக் காட்டினாள். மாமியார் பார்த்தார். பஸ் புறப்பட்ட பிறகும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தரைத்தளச் சமையல் கூடத்தில் நீளமான மேசை, நாலு அடுப்பு, சுவரோரம் எடை பார்க்கிற எந்திரம். டீச்சருக்குச் சேதி தெரிந்திருந்தது. அவர் அலமாரியைத் திறந்து, மடித்து வைத்திருந்த நீலத் துணி ஒன்றை எடுத்து வந்தார். அவரோட ஏப்ரன் என்றார். அன்றைக்குக் கழற்றி வைத்துவிட்டுப் போனதை யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை, துவைக்கவும் இல்லை.

மாமியார் வாங்கிப் பிரித்தார். ஏப்ரன் பையிலிருந்து கனமாக ஏதோ மேசையில் விழுந்தது. எஃகு ஸ்கேல். முனையில் மூன்று கோடு கீறிய ஸ்கேல். கல்யாணமான புதிதில் மாமனார் பட்டறையில் தன்னுடையது என்று அடையாளம் தெரியக் கீறியது. இரண்டு மாதமாக அதைக் காணோம் என்று மாமியார் வீட்டில் தேடாத இடமில்லை. கொழுந்தன்தான் தொலைத்தான் என்று அவனோடு சண்டையே போட்டிருந்தார். இப்போது அதன் விளிம்பில் காய்ந்துபோன கேரட் நார் ஒட்டிக்கொண்டிருந்தது.

லாரிக்காரர் தன் மனைவியோடு பக்கத்தில் வந்தார். துளையை விரலால் அடைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் பேசினார். "மேஸ்திரி வீட்டம்மாவா நீங்க? உங்களப் பத்தித்தாம்மா எப்பவும் பேச்சு. அவரு சொல்வாரு, எங்க வீட்டம்மா... டிவி பாத்துக்கிட்டே நறுக்குவா... எல்லாம் ஒரே அளவு. நான் ஸ்கேல வச்சு நறுக்கியும் வர மாட்டேங்குது... அவ கை வேற மெஷினுய்யாம்பாரு."

மாமியார் அவரையே பார்த்தார். திடீரென்று உள்ளங்கையால் மேசையை ஓங்கி அடித்தார். அடித்த வேகத்தில் ஸ்கேல் எகிறி விழுந்தது.

"இத வீட்டுல சொன்னா என்ன? நாப்பத்தேழு வருஷம் உப்பு அதிகம், புளி கம்மி, இதத்தானே கேட்டேன். இங்க வந்து ஊரார்கிட்ட சொல்லத் தெரிஞ்ச மனுஷன், என்கிட்ட ஒரு நாள்... ஒரே ஒரு நாள்..."

மூன்று வாரமாக வராத அழுகை அப்போது வந்தது. அந்த நீல ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கோபம் தீராமலே அழுதார். பெரியவள் கொஞ்ச நேரம் தள்ளியே நின்றாள். பிறகு போய்த் தோளைத் தொட்டாள். மாமியார் அவள் கையைப் பற்றிக்கொண்டார், வலிக்கும்படி பற்றிக்கொண்டார்.

"எத்தன டப்பா கொட்டினேன்?"

"அஞ்சு."

"அஞ்சும் செஞ்சு தர்றேன்."

"அது மாமா செஞ்சது ஆகாது அத்தை."

"ஆகாது" என்றார் மாமியார். "ஆகாதுதான். அதுக்கு நான் என்ன பண்ணுவேன், சொல்லு." மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்த ஏப்ரனைத் தலை வழியாக மாட்டினார். அது அவருக்குக் கணுக்கால் வரை தொங்கியது.

அன்றைய வகுப்பு பூசணி மசியல். மிளகாய் இல்லாமல் எப்படி என்று அவர் டீச்சரோடு ஒரு மூச்சுச் சண்டை போட்டார். இஞ்சித் தண்ணீரும் கொஞ்சம் வெண்ணெயும் போதும் என்றார் டீச்சர். இதற்குப் பேர் சமையலா என்றார் மாமியார். ஆனால் நறுக்கும்போது மட்டும் யாரும் பேசவில்லை. அவர் கை ஓடியது. நறுக்கி முடித்ததும் ஒரு துண்டை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, ஸ்கேலை வைத்துப் பார்த்தார். பெரியவளிடம் நீட்டினார். ஐந்து மில்லிமீட்டர். இன்னொன்று. அதுவும் ஐந்து.

வீட்டுக்கு வந்ததும் பெரியவளுக்குத் தட்டு வைத்தார். கதவுக்குப் பின்னால் இல்லை, மேசையில். எதிரே உட்கார்ந்து, ஒரு வாய் தானும் எடுத்துத் தின்று பார்த்து, "உப்பும் இல்ல ஒறப்பும் இல்ல, இதப் போயி ஒளிச்சு ஒளிச்சு செஞ்சாராம்" என்று திட்டினார். திட்டிக்கொண்டே இன்னொரு வாய் எடுத்தார். கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியைப் பெரியவள் அந்த வாரக் கடைசியில்தான் பிரித்தாள்.

அது நடந்து நாலு வருடமாகிறது. காய்கறிச் சீட்டு இப்போதும் உண்டு. பையைக் கொழுந்தன் வாங்கி வருகிறான். அந்த அடுப்பில் முதலில் ஒரு சின்னப் பாத்திரம் ஏறுகிறது, பிறகுதான் பெரியது. பெரியவளின் ஒரு வேளை இருபத்திரண்டு நிமிடத்துக்கு வந்திருக்கிறது. அதற்குக் கீழே வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூடிகளில் சீட்டு எழுதி ஒட்டுவது கொழுந்தனின் மூத்த பெண். பெரியம்மா சொல்லிக் கொடுக்க, மில்லிமீட்டரும் தேதியும் போட்டு, தாத்தா எழுதியபடியே எழுதுகிறது.

போன மாதம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கதவோரத்து ஆணியைப் பிடுங்கட்டுமா என்று வேலையாள் கேட்டார். மாமியார் வேண்டாம் என்றார். சுற்றி அடித்தார்கள். அது அதே உயரத்தில்தான் இருக்கிறது. கையை உயர்த்தினாலும் பெரியவளுக்கு ஒரு விரற்கடை எட்டாது.